பாப்பா முடியும் எங்கள் வீட்டு போர் தண்ணியும்: ஆறு மாதக் குறிப்புகள்

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைக்குக் குளித்துவிட்டு வந்த என் மகளுக்குச் சிக்கெடுத்து முடித்ததும், தரையில் கிடந்த முடியை எப்போதும் போலச் சுருட்டிக் குப்பையில் போடாமல் ஒரு வெள்ளைத் தாளில் ஒவ்வொன்றாகப் பரப்பி வைத்தேன். அதற்கு முந்தைய வாரம்தான் அத்தை அவள் பின்னலைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, தேங்காய் நாரு மாதிரி கீது, எண்ணெய் வைக்கிறியா இல்லியா" என்று கேட்டிருந்தார். எண்ணெய் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். நாலு விதமான எண்ணெய் வாங்கியாகிவிட்டது. வேலூர் கொசப்பேட்டையில் இருந்தவரை இடுப்புக்குக் கீழே பளபளவென்று தொங்கிய முடி, காட்பாடிப் பக்கம் சொந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடத்தில் நுனியெல்லாம் செம்பட்டை பாய்ந்து, பாதி முதுகு வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

தாளில் மொத்தம் 63 முடி இருந்தது. ஒவ்வொன்றின் இரண்டு முனைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வேரோடு உதிர்ந்த முடியின் ஒரு முனையில் கடுகை விடச் சின்னதாக ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கும். அப்படி இருந்தவை 17 மட்டும்தான். மீதி 46-ம் குமிழே இல்லாத துண்டுகள்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை வேரோடு உதிர்வது எல்லோருக்கும் நடப்பதுதான், 17 என்பது பயப்படும் கணக்கே இல்லை. காய்ச்சல், பிரசவம் மாதிரி உடம்பு அடிபட்ட பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டுவதும் இப்படிக் குமிழோடுதான் வரும். அப்படி இருந்தாலோ, வட்ட வட்டமாகச் சொட்டை தெரிந்தாலோ தோல் டாக்டரிடம் போக வேண்டும், வீட்டில் உட்கார்ந்து எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது. பாப்பாவுக்கு நடந்தது அது இல்லை. அவள் முடி வேரில் நன்றாகத்தான் வளர்கிறது, பாதி வழியில் அறுந்து போகிறது. இதுவரை வாங்கிய அத்தனை எண்ணெயும் மண்டைக்குத்தான் போயிருக்கிறது, சேதம் நடந்த இடமோ அங்கிருந்து ஒரு முழம் தள்ளி.

அப்புறம் ஒரு ஸ்கேல் எடுத்துத் துண்டுகளை அளந்தேன். இதைச் செய்யச் சொல்லி யாரும் சொல்லித் தரவில்லை, சும்மா தோன்றியது, ஆனால் இந்த ஆறு மாதத்தில் நான் செய்த உருப்படியான காரியம் இதுதான். 46-ல் முப்பதுக்கு மேல் 10 செ.மீ. முதல் 15 செ.மீ. வரை நீளம். மற்றவை ரொம்பப் பொடி, 2, 3 செ.மீ. பள்ளிக்கூடத்துக்கு இரட்டை ஜடை போட்டு மேலே மடித்து ரிப்பன் கட்டுவோம் இல்லையா, அந்த மடிப்பு அவள் முடி நுனியிலிருந்து சரியாக ஒரு சாண் தூரத்துக்குள் வருகிறது. ரிப்பன் முடிச்சும் ரப்பர் பேண்டும் இறுக்குவது அதே இடத்தில். அந்த இடத்தில்தான் அறுகிறது. பொடித் துண்டுகள் நுனி வெடித்துக் கொட்டியவை.

சரி, மடிப்பு என்றால் கொசப்பேட்டையிலும் மடித்துத்தானே கட்டினோம், அங்கே ஏன் அறுந்து போகவில்லை? மாறியது தண்ணீர் ஒன்றுதான்.

கொசப்பேட்டை வீட்டில் கார்ப்பரேஷன் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும். இங்கே கார்ப்பரேஷன் விடும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைக்கும் அளவுக்குத்தான் வருகிறது, குளிக்கத் துவைக்க எல்லாம் போர்தான். பாலாற்றை ஒட்டி இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். குழாய் வாயில் வெள்ளைப் படலம், ஹீட்டர் காயிலில் சுண்ணாம்பு, பக்கெட்டில் கோடு. நம் ஊரில் உப்புத் தண்ணி என்று சொல்லிவிடுவோம், ஆனால் நாக்கில் கரிக்கும் உப்பு வேறு, முடியைப் படுத்தும் கால்சியம், மக்னீசியம் வேறு. மோட்டார் பார்க்க வந்த பிளம்பர் அண்ணா டிடிஎஸ் மீட்டரை வைத்து 1,400 என்று காட்டினார். அது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் எண், கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மக்னீசியமும் மட்டும் எவ்வளவு என்று அதிலிருந்து தெரியாது.

அதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்தேன், செலவு எதுவும் இல்லை. சாதாரணக் குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவி, கேன் தண்ணீரில் கரைத்து ஒரு கரைசல் தயார் செய்துகொள்ள வேண்டும். ஷாம்பு, பாத்திரம் கழுவும் திரவம் எல்லாம் இதற்கு உதவாது, அவை கடின நீரிலும் நுரைத்துவிடும். மூன்று ஒரே மாதிரி பாட்டிலில் 100 மில்லி கேன் தண்ணீர், 100 மில்லி கார்ப்பரேஷன் தண்ணீர், 100 மில்லி போர் தண்ணீர். மருந்து கொடுக்கும் சிரிஞ்சால் ஒவ்வொன்றிலும் ஒரு மில்லி சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்கி, நுரை ஒரு நிமிடம் நிற்கும் வரை மேலும் மேலும் ஒவ்வொரு மில்லியாக விட வேண்டும். கேன் தண்ணீர் 2 மில்லியில் நுரைத்தது. கார்ப்பரேஷன் தண்ணீர் 5. போர் தண்ணீரில் 18 மில்லி போன பிறகும் நுரை வரவில்லை, திரிந்த பால் மாதிரி வெள்ளையாக மிதந்தது. சோப்பும் கால்சியமும் சேர்ந்தால் கரையாத அழுக்குதான் மிச்சம். அத்தையைக் கூப்பிட்டு அந்தப் பாட்டிலைக் காட்டினேன், அவர் குளியல் சோப்பையே தலைக்கும் போடுகிறவர், ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு துளி எண்ணிப் பார்க்கும் ஒரு சோதனைக் கிட்டும் வாங்கினேன். அதில் போர் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 680 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரக் குறியீட்டில் 200 வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை விடலாம் என்று இருக்கிறது. எங்கள் குளியல் தண்ணீர் அதையும் தாண்டியது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், கடினத் தண்ணீர் கத்தி மாதிரி முடியை அறுத்துவிடாது. முடியின் மேல்தோல், வீட்டுக் கூரையில் நாட்டு ஓடு அடுக்கின மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாகச் செதில் செதிலாக இருக்கிறது. கொஞ்சம் அடிபட்ட முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் கூடும், நேர்மின்னூட்டம் உள்ள கால்சியம் போய் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் சொரசொரப்பு, சொரசொரப்பானால் சிக்கு, சிக்கை நாம் இழுத்தால் அறும். அறுப்பது நம் கைதான்.

முதலில் நான் போன வழிகள் இரண்டும் வீண். குளியலறைக் குழாயில் மாட்டும் ஃபில்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன், முடி உதிர்வைத் தடுக்கும் என்று பெட்டி மேலேயே போட்டிருந்தது. மாட்டுவதற்கு முன்னாலும் பின்னாலும் கிட்டில் துளி எண்ணினேன், இரண்டும் ஒரே எண்ணிக்கை. இந்த மாதிரி ஃபில்டர்கள் மண், துரு, குளோரின் வாடையைப் பிடிக்கும். கடினத்தன்மையை எடுக்க, கால்சியத்தைப் பிடித்து வைக்கும் அயனி மாற்று ரெசின் வேண்டும், அதையும் உப்புக் கரைசல் விட்டு அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். இரண்டாவது, கொதிக்க வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடம் கொதித்து, ஆறி, வெள்ளை அடியில் படிந்ததும் மேலே இருப்பதை இறுத்து அளந்தால் 410. பைகார்பனேட்டாக இருக்கும் பங்கு மட்டும் இறங்கும், மீதி அப்படியே நிற்கும். ஒரு சிலிண்டர் வழக்கத்தை விட எட்டு நாள் முன்னாலேயே தீர்ந்தபோது நிறுத்திவிட்டேன்.

வீடு முழுவதற்கும் அந்த ரெசின் உள்ள சாஃப்ட்னர் வைக்கலாம் என்று பிளம்பர் அண்ணா சொன்னார். வேலை செய்யும், சந்தேகமில்லை. ஆனால் ரெசினைப் புதுப்பிக்கும்போது வெளியேறும் உப்புத் தண்ணீர் எங்கே போகும்? எங்கள் தெருவில் அது தோட்டத்து மண்ணுக்கோ கால்வாய்க்கோதான் போகும். தோல் பதனிடும் கழிவு பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பதற்காக உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வாங்கிய மாவட்டம் இது. அந்த வழக்குக்குப் பெயரே வேலூர் பெயர்தான். இந்த மண்ணில் இன்னும் ஒரு கைப்பிடி உப்பைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான் மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயைப் பார்த்தேன். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதிலிருந்து பெரும்பாலான வீடுகளில் ஒன்று இருக்கிறது, நேராகக் குழிக்குள் போகிறது. மழைத் தண்ணீரில் கால்சியம் கிட்டத்தட்டக் கிடையாது. தலை அலச எனக்கு வேண்டியது ஒரு தடவைக்கு ஒரு பக்கெட், 12 லிட்டர். வாரம் இரண்டு தடவை, இரண்டு பேர் என்றால் 48 லிட்டர். ஒரு 200 லிட்டர் டிரம் நாலு வாரத்துக்கு வரும். ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர், அந்தக் குழாய்க்கு வரும் தளம் சுமார் 30 சதுர மீட்டர், ஆக 10 மில்லிமீட்டர் மழை ஒன்று போதும் டிரம் நிறைய.

செப்டம்பர் கடைசியில் வேலையை ஆரம்பித்தோம். பழைய டிரம் வாங்கும்போது மூடியைத் திறந்து மோந்து பாருங்கள், முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். கெமிக்கல் இருந்த டிரம் எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். ஊறுகாய் வந்த நீல டிரம் ஒன்று கிடைத்தது, இரண்டு நாள் வெயிலில் திறந்து வைத்ததும் வாடை போய்விட்டது. நாலு அங்குலக் குழாயைத் தலை உயரத்தில் அறுத்து ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டோம். டீயின் பக்கவாட்டு வாய் டிரம்முக்கு. கீழ் வாயில் நாலடிக் குழாய் மாட்டி அடியில் திருகு மூடி. முதலில் வரும் அழுக்குத் தண்ணீர் சுமார் 10 லிட்டர் அந்தக் குழாயில் நிறைந்து நின்றுவிடும், அதற்குப் பிறகு வருவதுதான் டிரம்முக்குள் போகும். மழை விட்டதும் திருகு மூடியைக் கழற்றிக் குழிக்குள் விட்டுவிட வேண்டும். நாலடிக்கு இடம் வேண்டும் என்பதால் டிரம்மை ஹாலோ பிளாக் அடுக்கி உயர்த்த வேண்டியிருந்தது. 200 லிட்டர் என்றால் 200 கிலோ, அடுக்கியது ஆடாமல் இருக்கிறதா என்று வெறும் டிரம்மிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாய் மாட்டும் ஓட்டையை டிரம்மின் வளைவுக்கு ரொம்பக் கிட்டே போட்டுவிட்டேன், வாஷர் சரியாக உட்காராமல் ராத்திரி முழுக்கச் சொட்டியது. அதை அடைத்துவிட்டு, அடியிலிருந்து ஒரு சாண் மேலே, மேற்பரப்பு சமமாக இருக்கும் இடத்தில் வேறு ஓட்டை போட்டு, டேங்க் நிப்பிளை உள்ளேயும் வெளியேயும் ரப்பர் வாஷர் வைத்து முடுக்கி, டெஃப்லான் டேப் சுற்றியதும் நின்றது. ஒரு சாண் மேலே இருப்பதும் நல்லதுதான், வண்டல் அடியிலேயே தங்கிவிடும். மேல் வாயில் கொசுவலை இரட்டையாகக் கட்டியாயிற்று. இதில் மட்டும் அலட்சியமே கூடாது, மூடாத டிரம் டெங்கு கொசுவுக்குத் தொட்டில்.

முதல் மழைத் தண்ணீரை அப்படியே கொட்ட வேண்டியதாயிற்று. மாடியைக் கூட்டாமல் விட்டிருந்தேன், காக்காய் எச்சமும் வேப்பிலையும் ஊறி நாறியது. கூட்டிக் கழுவிவிட்ட பிறகு அக்டோபர் நடுவில் பெய்த மழையில் டிரம் நிறைந்தது. கிட்டில் பார்த்தால் 20-க்குள்.

தண்ணீர் தயாராவதற்குள் சீயக்காய் வேலையும் நடந்தது. லாங் பஜார் நாட்டு மருந்துக் கடையில் ஒரு கிலோ சீயக்காய், ஜவ்வாது மலைக் காய் என்றார் கடைக்காரர். அதோடு கால் கிலோ பச்சைப்பயறு, 100 கிராம் வெந்தயம், கொட்டை நீக்கிய பூந்திக்காய் 100 கிராம், வீட்டுச் செம்பருத்தி இலை காய்ந்தது இரண்டு கைப்பிடி. மூன்று நாள் வெயில். மில்லில் சீயக்காய்க்குத் தனி மிஷின் இருக்கிறதா என்று கேட்டுப் போங்கள், மிளகாய் அரைத்த மிஷினில் அரைத்து வாங்கி வந்து தலையில் போட்டவர்கள் கதை எனக்குத் தெரியும். சீயக்காயில் நுரைப்பது சபோனின், அது சோப்பைப் போலக் கால்சியத்தோடு திரிந்து தயிராகாது, அதனால்தான் நம் ஊர் கிணற்றுத் தண்ணீருக்கு அது அந்தக் காலத்தில் ஒத்துப்போனது.

ஆனால் இதிலும் ஒரு தப்பு செய்துகொண்டிருந்தேன். தூளைக் குழைத்து அப்படியே தலையில் தேய்ப்பேன். விரல் இடுக்கில் உரசிப் பாருங்கள், எவ்வளவு நைசாக அரைத்தாலும் மணல் மாதிரி நெருநெருவென்று இருக்கும், அதை ஏற்கெனவே சொரசொரத்த முடியில் தேய்த்தால் உப்புக்காகிதம் போடுவது மாதிரிதான். இப்போது மூன்று ஸ்பூன் தூளை வடிகஞ்சியில் கலந்து அரை மணி நேரம் ஊற வைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்து, சாறு மட்டும் ஊற்றுகிறேன். தலையில் சக்கையும் தங்குவதில்லை.

எண்ணெயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேங்காய் எண்ணெய், குளிப்பதற்கு முந்தின ராத்திரி, மண்டையில் கொஞ்சம், நீளத்திலும் நுனியிலும் நிறைய. 2003-ல் வந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டதில் முடியிலிருந்து புரதம் இழப்பதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான், அதில் இருக்கும் லாரிக் அமிலம் முடிக்குள்ளேயே இறங்கும் அளவுக்குச் சின்னது, நேரானது. புது முடியை முளைக்க வைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பொடுகு இருப்பவர்கள் மண்டையில் எண்ணெயை ஊற வைக்கவே கூடாது, பொடுகை உண்டாக்கும் பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு.

ஏற்கெனவே முடியில் படிந்திருந்ததை எடுக்க கால்சியத்தைப் பிடித்து இழுக்கும் ஈடிடிஏ உள்ள ஷாம்புவை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் மூன்று தடவை போட்டேன். அதற்கு முன்னால் யாரோ சொன்னார்கள் என்று அரை எலுமிச்சம்பழத்தை நேராகப் பிழிந்து தேய்த்துவிட்டேன், பாப்பா எரிகிறது என்று அழுதுவிட்டாள். அவள் தலையில் சொறிந்த காயம் இருந்ததை நான் பார்க்கவில்லை. அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை. புளிப்பு வேண்டுமென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பெரிய ஸ்பூன் வினிகர் போதும், அதையும் நீளத்துக்கு மட்டும் ஊற்றி அலசிவிட வேண்டும்.

இப்போது கைப்பழக்கம். இதில்தான் வீட்டில் சண்டையே நடந்தது. நனைந்த முடி நாம் நினைப்பதை விட ரொம்ப பலவீனம், தண்ணீர் உள்ளே போய் முடியின் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்திவிடும், இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு, ஓர் அளவுக்கு மேல் அறும். நாங்களோ காலை ஆறு மணிக்குத் தலை குளித்து, துண்டை முறுக்கி ஈர முடியை டப் டப் என்று தட்டி, ஈரத்தோடு சீவி, இறுக்கிப் பின்னி, மடித்து, ரிப்பன் கட்டி, ஏழே முக்காலுக்கு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் பின்னலை அவிழ்த்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். துண்டால் தட்டக் கூடாது என்று சொன்னதும் அத்தைக்குக் கோபம் வந்தது, அவர் அம்மா அவருக்கு அப்படித்தான் செய்தாராம். நான் வாதாடவில்லை, பாப்பா தலையிலிருந்து விழுந்த ஒரு முடியை எடுத்து, பாதியை நனைத்து, காய்ந்த பாதியையும் ஈரப் பாதியையும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். ஈரப் பாதி நீண்டது அவர் விரலிலேயே தெரிந்தது. அன்றிலிருந்து பழைய வேட்டியைச் சுற்றி ஒற்றி எடுக்கிறோம். தலை குளிப்பது சனிக்கிழமை மத்தியானத்துக்கும் புதன் சாயங்காலத்துக்கும் மாறியது. மழை நாளில் சாம்பிராணி போட்டு உலர்த்துவது அத்தை பொறுப்பு.

சீப்பைப் பற்றி ஒன்று. பிளாஸ்டிக் சீப்பின் பல் இடுக்கில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், அச்சு சேர்ந்த இடத்தில் ஒரு கூரான வரி இருக்கும். ஒவ்வொரு தடவை சீவும்போதும் அது முடியைச் செதுக்குகிறது. நைஸான உப்புக்காகிதத்தை மடித்து ஒவ்வொரு இடுக்காகத் தேய்த்தேன், 40 நிமிடம் ஆனது. அகலப் பல் சீப்பால் நுனியில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய்ச் சிக்கெடுக்க வேண்டும். மேலேயிருந்து இழுத்தால் எல்லாச் சிக்கும் ஒரே இடத்தில் வந்து முடிச்சாகும்.

மடிப்புக்கு என்ன செய்வது என்று அவள் வகுப்பு டீச்சரிடம் அந்த வெள்ளைத் தாளையே கொண்டுபோய்க் காட்டினேன். இரட்டை ஜடை இருந்தால் போதும், மடிக்காமல் தொங்கவிடலாம் என்று ஒப்புக்கொண்டார். மெல்லிய ரப்பர் பேண்டுக்குப் பதிலாகத் துணி சுற்றிய பேண்டு, அதுவும் வாரத்துக்கு வாரம் கட்டும் இடத்தை இரண்டு விரல் மேலே, கீழே மாற்றி.

வெடித்த நுனியை எதுவும் ஒட்ட வைக்காது, முடி செத்த பொருள், அதற்குத் தானாக ஆறத் தெரியாது. நவம்பரில் மூன்று அங்குலம் வெட்டினோம். பாப்பா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் முடி வளரும், அதனால் வெட்டியது திரும்ப வர ஏழு மாதமாவது ஆகும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

ஜனவரியில், பொங்கல் கழிந்த ஞாயிறு, அதே மாதிரி தாளில் பரப்பினோம், இந்தத் தடவை எண்ணியது அவள். மொத்தம் 22. குமிழோடு 16, அறுந்தது 6. அந்த ஆறில் ஒன்றுகூட ரிப்பன் இடத்து நீளத்தில் இல்லை. தொட்டுப் பார்த்தால் கீழ்ப் பாதி இன்னும் கொஞ்சம் சொரசொரப்புதான், வேரை ஒட்டிப் புதிதாக வந்த முடி வேறு மாதிரி வழுக்குகிறது.

எதனால் எவ்வளவு குறைந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாவற்றையும் சேர்த்துத்தானே மாற்றினேன். ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் மடித்துக் கட்டுவதையும் ஈரத்தில் சீவுவதையும் நிறுத்துங்கள், அதற்குக் காசே வேண்டாம். டிரம் அதற்கு அப்புறம்.

டிரம்மில் இப்போது கடைசி 30 லிட்டர் இருக்கிறது. இனி தண்ணீர் வரும் நாளில் ஒரு பக்கெட் கார்ப்பரேஷன் தண்ணீரைத் தலைக்கென்று தனியாக எடுத்து வைக்கப் போகிறோம், முதல் அலசல் போரில், கடைசி இரண்டு அலசல் அதில். நேற்று அத்தை டிரம் பக்கம் சொம்போடு நின்றுகொண்டு, "எனக்கும் ரெண்டு சொம்பு உடும்மா" என்றார். அடுத்த அக்டோபருக்குள் இரண்டாவது டிரம் வைக்க ஹாலோ பிளாக் சொல்லியாயிற்று.